டிஸ்னி வேர்ல்டின் முன்கட்டண உணவுத் திட்டம்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஃபுளோரிடாவில் ஒர்லாண்டோ நகரை அடுத்துள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு செல்லத் திட்டமிடுபவர்கள், விடுதி அறையையும் நுழைவுச்சீட்டையும் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, 'டைனிங் பிளான்' எனப்படும் முன்கட்டண உணவுத் திட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வியை எதிர்கொள்கிறார்கள். கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் தொகை சிறியதல்ல. 2024-ஆம் ஆண்டு விலைப்படி, இரண்டு பெரியவர்களும் பத்து வயதுக்குக் குறைந்த இரண்டு குழந்தைகளும் 5 இரவு தங்கினால், மேசையில் அமர்ந்து உண்ணும் உணவையும் உள்ளடக்கிய திட்டத்துக்கு 1,239 டாலர் 70 சென்ட் முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணம் ஒரு சட்டையின் விலையல்ல, வீட்டு வாடகையின் அளவுக்கு வரும் பணம். ஆகவே, 'எல்லாரும் வாங்குகிறார்கள்' என்பதற்காகவோ, 'யாரும் வாங்க வேண்டாம் என்கிறார்கள்' என்பதற்காகவோ முடிவு செய்யாமல், உங்கள் குடும்பத்தின் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பதுதான் சரி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் மட்டுமே செல்லும் பயணத்திலும், பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்திலும், இந்தத் திட்டம் பெரும்பாலும் நட்டத்தையே தரும். மூன்று முதல் ஒன்பது வயதுக்குள் குழந்தைகள் இருந்து, மிக்கி போன்ற பாத்திரங்கள் மேசைக்கு வந்து பேசும் விருந்துகளில் அநேகமாக நாள்தோறும் உண்ணப் போகும் குடும்பத்துக்கு மட்டும், இது இன்றும் ஆதாயமானது. இரண்டில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கண்டறிய ஒரே ஓர் எண் போதும். அந்த எண்ணை எப்படிப் பெறுவது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

அதற்கு முன், பழைய அனுபவங்களை நம்பி ஏமாறாமல் இருக்க, திட்டம் கடந்து வந்த பாதையைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. 2005-இல் இது தொடங்கியபோது, மேசை உணவோடு முன்னுணவும் பரிமாறுபவருக்கான டிப்ஸ் தொகையும் சேர்ந்தே இருந்தன. 2008-இல் அவை இரண்டும் நீக்கப்பட்டன. 2018-இல், 21 வயது நிறைந்தவர்கள் ஒவ்வொரு உணவோடும் ஒரு மதுபானத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற மாற்றம் வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பூங்காக்கள் மூடப்பட்டபோது நிறுத்தப்பட்ட திட்டம், பூங்காக்கள் மீண்டும் திறந்த பிறகும் நெடுங்காலம் திரும்பவில்லை. 2024 ஜனவரி 9 அன்று மீண்டும் வந்தபோது, முன்பிருந்த பலவகைத் திட்டங்களுக்குப் பதிலாக இரண்டு மட்டுமே இருந்தன. எனவே, 2006-இல் சென்று வந்த உறவினர் 'கண்ணை மூடிக்கொண்டு வாங்கு' என்று சொன்னால், அவர் சொல்வது அவருடைய காலத்துக்கு உண்மை; உங்கள் பயணத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போதுள்ள இரண்டில் ஒன்று குவிக் சர்வீஸ் திட்டம். இதில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு, கவுன்ட்டரில் வாங்கி உண்ணும் உணவு இரண்டும், ஒரு சிற்றுண்டியும் கிடைக்கும். மற்றொன்று டைனிங் பிளான் என்றே அழைக்கப்படுவது. இதில் ஒரு கவுன்ட்டர் உணவு, ஒரு மேசை உணவு, ஒரு சிற்றுண்டி ஆகியவை உண்டு. இரண்டிலும், விடுதிகளில் மட்டும் மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளக்கூடிய ஒரு குவளை ஒவ்வொருவருக்கும் தரப்படும். பூங்காக்களுக்குள் அதை நிரப்ப முடியாது. கவுன்ட்டர் உணவு என்றால் ஒரு முதன்மை உணவும் ஒரு பானமும். மேசை உணவில், மதியமும் இரவும் இனிப்பும் சேரும். 2024-இல் குவிக் சர்வீஸ் திட்டத்தின் விலை ஓர் இரவுக்குப் பெரியவருக்கு 57.01 டாலர், 3 முதல் 9 வயதுக் குழந்தைக்கு 23.83 டாலர், டைனிங் பிளானின் விலை பெரியவருக்கு 94.28 டாலர், குழந்தைக்கு 29.69 டாலர். இதில் விற்பனை வரி அடங்கும். அதன்பின் விலை ஏறியிருக்கிறது. ஆனால் கணக்குப் போடும் முறை மாறவில்லை என்பதால், நான் 2024-இன் விலைகளையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் செல்லும் ஆண்டின் விலையை அதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் மனத்தில் பதிய வேண்டிய நிபந்தனைகளும் சில உண்டு. டிஸ்னியின் சொந்த விடுதியில் தங்குபவர்களுக்கே திட்டம் கிடைக்கும். ஒரே பதிவில் உள்ள மூன்று வயது நிறைந்த எல்லாரும், தங்கும் எல்லா இரவுகளுக்கும், ஒரே வகைத் திட்டத்தை வாங்க வேண்டும். அதிகம் உண்பவருக்கு மட்டும் வாங்கிவிட்டுக் கொறிப்பவரை விட்டுவிட முடியாது. மூன்று வயது நிறையாத குழந்தைக்குத் திட்டம் தேவையில்லை. அது பெற்றோர் தட்டிலிருந்து உண்ணலாம், பஃபேக்களில் அதற்குக் கட்டணமும் இல்லை. ஒரு வேளை உணவையோ ஒரு சிற்றுண்டியையோ பெறும் உரிமையைக் 'கிரெடிட்' என்கிறார்கள். கிரெடிட்டுகள் பகலை வைத்து அல்லாமல் இரவை வைத்தே எண்ணப்படுகின்றன. விடுதியை விட்டுக் கிளம்பும் நாளின் நள்ளிரவோடு மிச்சமுள்ளவை காலாவதியாகும். பணம் திரும்ப வராது. டிப்ஸ் தொகையைப் பெரும்பாலான இடங்களில் நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆறு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அமர்ந்தால் 18 விழுக்காடு தானாகவே பில்லில் சேர்க்கப்படும். டிப்ஸ் தனி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாம் முன்பே கட்டியாயிற்று என்ற நினைப்பில் அமர்ந்தவர்கள், நால்வரின் உணவுக்கு 30, 40 டாலர் டிப்ஸ் எழுத வேண்டியிருப்பதைக் கண்டு திகைப்பது வழக்கம்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். ஒரு கவுன்ட்டர் உணவின் முதன்மைப் பண்டம் 16 டாலர், குளிர்பானம் 5 டாலர், ஒரு சிற்றுண்டி 7 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆக 28 டாலர். குவளையின் விலை 22 டாலர் என்று கொண்டால், 6.5 விழுக்காடு வரியுடன் 23.43 டாலர் ஆகிறது. அதை 5 இரவுகளுக்குப் பகிர்ந்தால் ஓர் இரவுக்கு 4.69 டாலர். பெரியவரின் 94.28 டாலரிலிருந்து குவளையின் பங்கைக் கழித்தால் 89.59 டாலர் எஞ்சும். அதிலிருந்து வரியைப் பிரித்துவிட்டால், உணவுப் பட்டியலில் அச்சிடப்பட்ட விலையில் சுமார் 84 டாலர். அதில் 28 டாலர் கவுன்ட்டர் உணவுக்கும் சிற்றுண்டிக்கும் போய்விட, மீதி 56 டாலர். இதுவே நாம் தேடிய எண். நீங்கள் செலவிடும் ஒவ்வொரு மேசைக் கிரெடிட்டும், வரிக்கும் டிப்ஸுக்கும் முன்பாக, 56 டாலர் பெறுமான உணவை உங்களுக்குத் தர வேண்டும். தராவிட்டால், காசு கொடுத்து உண்டிருப்பதே மலிவு.

இந்த 56 டாலர் அளவுகோலை வைத்துக்கொண்டு உணவகங்களைப் பார்த்தால், எது ஆதாயம், எது நட்டம் என்பது உடனே விளங்கும். கண்டெம்பரரி விடுதியில் உள்ள செஃப் மிக்கிஸ், அனிமல் கிங்டம் பூங்காவில் உள்ள டஸ்கர் ஹவுஸ், எப்காட் பூங்காவின் நார்வே அரங்கில் இளவரசிகள் வந்து பேசும் ஆகர்ஷஸ், பாலினீசியன் விடுதியில் ஓஹானாவின் இரவு உணவு போன்றவை, பெரியவர் ஒருவருக்கு 60 டாலரை ஒட்டிய விலையிலோ அதற்கு மேலோ இருப்பவை. ஆனால் ஒரே ஒரு கிரெடிட்டில் முடிந்துவிடும். 62 டாலர் விருந்து ஒன்றை எடுத்துக்கொண்டால், அன்றைய உணவின் மொத்த மதிப்பு வரியும் குவளையும் சேர்ந்து 100 டாலர் 54 சென்ட். நீங்கள் கட்டியதோ 94.28. ஆறு டாலருக்குச் சற்று மேல் மிச்சம். பெரிய ஆதாயமல்ல என்றாலும் நட்டமில்லை.

பட்டியலைப் பார்த்துத் தனித்தனியாக ஆர்டர் செய்யும் சாதாரண மேசை உணவகத்தில் நிலைமை தலைகீழ். 28 டாலர் முதன்மை உணவு, 5 டாலர் பானம், 11 டாலர் இனிப்பு என்றால் 44 டாலர்தான் ஆகிறது. அந்த ஒரு வேளையிலேயே 12 டாலர் குறைகிறது. காக்டெயில் அருந்துபவருக்கு, 5 டாலர் குளிர்பானம் 17 டாலர் பானமாக மாறிக் கணக்கு நேராகிவிடும். 2018-க்குப் பிறகு திட்டத்தின் பெறுமானத்தைப் பெரியவர்களுக்குத் தாங்கிப் பிடிப்பது இந்தப் பானமே. மது அருந்தாதவர்கள், மில்க் ஷேக் போன்ற விலை கூடிய பானங்களைத் தேர்ந்தெடுத்து வித்தியாசத்தை ஓரளவு குறைக்கலாம், முழுமையாக ஈடுகட்ட முடியாது.

இரண்டு கிரெடிட் கேட்கும் இடங்களைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மேஜிக் கிங்டம் பூங்காவின் கோட்டைக்குள் உள்ள சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள், கலிஃபோர்னியா கிரில், ஹூப்-டீ-டூ இசை நாடக விருந்து முதலியன இந்த வகையில் அடங்கும். கோட்டைக்குள் பெரியவர் ஒருவரின் மதிய அல்லது இரவு உணவு 80 டாலருக்கு மேல் என்றாலும், இரண்டால் வகுத்தால் ஒரு கிரெடிட்டுக்கு 40-ஐச் சற்றுத் தாண்டுகிறதே தவிர 56-ஐ எட்டவில்லை. 2024-இல் 89 டாலர் நிர்ணய விலையிருந்த கலிஃபோர்னியா கிரில் விருந்தோடு 18 டாலர் பானத்தைச் சேர்த்தாலும் 107 டாலர், அதாவது கிரெடிட்டுக்கு 53.50 டாலர். கோட்டைக்குள் உண்ண வேண்டும் என்பது உங்கள் மகளின் நெடுநாள் ஆசையானால் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அந்த வேளைக்குக் காசு கொடுங்கள், கிரெடிட்டுகளை வேறு இரண்டு வேளைகளுக்குச் சேமித்து வையுங்கள்.

குழந்தைகளின் கணக்குதான் இந்தத் திட்டத்தின் உண்மையான பலம். 29.69 டாலர் கட்டிய ஒரு குழந்தை, 9 டாலர் கவுன்ட்டர் உணவும், 40 டாலர் அளவிலான பாத்திர விருந்தும், 7 டாலர் சிற்றுண்டியும் உண்டால், வரியோடு 59.64 டாலர் ஆகிறது. கட்டியதற்கு இரு மடங்கு. முன்சொன்ன நால்வர் குடும்பம் ஐந்து இரவும் இப்படியே உண்டால், குவளைகளையும் சேர்த்து மொத்தம் 400 டாலருக்கு மேல் மிச்சப்படும். இந்த நிலையில் வாங்காமல் இருப்பதுதான் தவறு. ஆயினும் இரண்டு கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். ஒன்று, ஐந்து நாளும் ஐந்து பாத்திர விருந்துகளுக்கு உங்கள் குழந்தை பொறுமையாக அமர்ந்திருக்குமா? ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். போய்வரும் நேரம் தனி. மற்றொன்று, திட்டம் இல்லையென்றால் இந்த ஐந்து விருந்துகளுக்கும் நீங்கள் சென்றிருப்பீர்களா? இரண்டுக்கு மட்டுமே சென்றிருப்பீர்கள் என்றால், மீதி மூன்றில் 'மிச்சப்பட்ட' பணம் உங்கள் பையில் ஒருபோதும் இருந்திராத பணம்.

பத்தாவது பிறந்தநாள் இந்தக் கணக்கில் ஒரு பெரிய எல்லை. அந்த வயதிலிருந்து பெரியவர் கட்டணம்; ஆனால் பத்து வயதுப் பிள்ளை பெரியவரைப் போல உண்பதில்லை. அப்படிப்பட்ட இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மேசைத் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சைவ உணவு உண்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டிஸ்னி வேர்ல்டில் சைவம் கிடைப்பது கடினமல்ல. தாவர உணவுகளுக்குப் பட்டியல்களிலேயே தனி அடையாளம் இடுகிறார்கள், அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள போமா பஃபேயில் இறைச்சி இல்லாத வகைகள் தாராளம். ஆனால் கிரெடிட்டுக்குப் பண்டத்தின் விலை தெரியாது. இறைச்சித் துண்டுக்கும் காய்கறிக் கிண்ணத்துக்கும் ஒரே கிரெடிட்தான் கழியும். பட்டியலில் மலிவாக இருப்பது வழக்கமாகக் காய்கறிக் கிண்ணமே. மதிய உணவாக 16 டாலர் பண்டமும், இரவு 24 டாலர் சைவ உணவும், இடையில் 7 டாலர் சிற்றுண்டியும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் மட்டும் குடித்து, இனிப்பைத் தவிர்ப்பவர் வரியோடு 50 டாலரில் நாளை முடித்துவிடுவார். அவர் 94.28 டாலர் கட்டுவது, ஒவ்வோர் இரவும் 44 டாலரை விட்டுக்கொடுப்பதற்குச் சமம். சைவ உணவு உண்பவர்கள் திட்டத்தை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தலைக்கு ஒரே விலை உள்ள பஃபேக்களையும் விருந்துகளையும் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

குவிக் சர்வீஸ் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கண்ட அதே விலைகளில் இரண்டு உணவு, இரண்டு குளிர்பானம், ஒரு சிற்றுண்டி, குவளையின் பங்கு எல்லாம் சேர்ந்து 56.87 டாலர், கட்டணம் 57.01. ஏறத்தாழச் சமம். ஆனால் கவுன்ட்டர்களில் கேட்டால் ஒரு கோப்பை குளிர்ந்த நீரை இலவசமாகவே தருகிறார்கள். அதைக் குடித்துக்கொண்டு, குவளையும் வேண்டாம் என்று இருப்பவரின் செலவு 41.54 டாலர் மட்டுமே. கணவன் மனைவி இருவருக்கும் 5 இரவில் 150 டாலருக்கு மேல் வித்தியாசம் வருகிறது. பூங்காவுக்குள் வெளி உணவைக் கொண்டு செல்லவும் அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. காலை உணவை அறையிலேயே முடித்துக்கொள்பவர்களுக்கு இந்தத் திட்டம் அறவே பொருந்தாது.

இலவசமாகத் தருகிறோம் என்ற அறிவிப்புகள் வரும்போது கூடுதல் கவனம் தேவை. 2026-ஆம் ஆண்டுப் பயணங்களுக்கு, பெரியவர்கள் திட்டத்தை வாங்கினால் 3 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குத் திட்டம் இலவசம் என்ற சலுகையை டிஸ்னி அறிவித்தது. நல்ல சலுகைதான். ஆனால் இத்தகைய உணவுச் சலுகைகள் எல்லாமே அறை வாடகைத் தள்ளுபடியோடு சேரும் என்று சொல்ல முடியாது. இரவுக்கு 350 டாலர் அறையில் 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கக்கூடும் என்றால், 5 இரவில் அது 350 டாலர். இரண்டு குழந்தைகளின் திட்டம் 2024 விலையில் 296.90 டாலர். எனவே, அறையும் நுழைவுச்சீட்டும் உணவுத் திட்டமும் சேர்ந்த, சலுகை உள்ள தொகுப்பின் மொத்த விலை ஒரு புறமும், அறைத் தள்ளுபடியோடு கையிலிருந்து காசு கொடுத்து உண்ணும் செலவு மறுபுறமுமாக எழுதி ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

நாள்காட்டியைப் பயன்படுத்தத் தெரிந்தால், முடிவைப் பொறுமையாக எடுக்க முடியும். திட்டத்தை வாங்கியதால் உணவகத்தில் இடம் உறுதியாவதில்லை. மேசையைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள், வந்து சேரும் நாளிலிருந்து எண்ணி 60 நாளுக்கு முன்பே, தங்கும் நாள்களுக்கெல்லாம் (அதிகபட்சம் 10 நாள்) ஒரே அமர்வில் பதிவு செய்துகொள்ளலாம். தொகுப்பின் முழுப் பணத்தையும் கட்ட வேண்டிய கெடு வந்து சேர்வதற்கு 30 நாள் முன்பு. ஆகவே இடையில் ஒரு மாதம் உங்களுக்கு இருக்கிறது. அறுபதாம் நாள் காலையில் வேண்டிய மேசைகளைப் பிடித்துவிடுங்கள். எவை கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்பதைக் கொண்டு 56 டாலர் கணக்கைப் போடுங்கள். கிடைத்தவை பெரும்பாலும் ஒரு கிரெடிட் விருந்துகள் என்றால் திட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்தவை கைநழுவி, பட்டியல் பார்த்து உண்ணும் உணவகங்களே மிஞ்சினால், கெடுவுக்கு முன் தொகுப்பிலிருந்து திட்டத்தை நீக்கிவிடுங்கள். வேண்டாத மேசைகளையும் மறவாமல் ரத்து செய்யுங்கள். வராமல் இருந்தால் தலைக்கு 10 டாலர் பிடிக்கிறார்கள்.

கணக்கில் நட்டம் என்று தெரிந்தும், பயணத்தின்போது ஒவ்வொரு பில்லையும் பார்த்து மனம் வருந்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சிலர் திட்டத்தை விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விடுமுறையில் குழந்தை கேட்ட ஐஸ்கிரீமுக்குத் தயங்காமல் இருப்பது உண்மையான நிம்மதி. ஆனால் அதே நிம்மதியை டிஸ்னி கிஃப்ட் கார்டிலும் பெறலாம். பயணத்துக்கு ஆறேழு மாதம் இருக்கும்போதே மாதம் ஒரு தொகைக்கு அட்டை வாங்கி வைத்து, உணவுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். டார்கெட் கடையின் சொந்த அட்டையில் வாங்கினால் 5 விழுக்காடு குறையும். சாம்ஸ் கிளப் போன்ற மொத்த விற்பனைக் கடைகளிலும் முகமதிப்பைவிடச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். உண்ணாத வேளைக்கு அதில் பணம் கழியாது, நள்ளிரவில் காலாவதியாகவும் செய்யாது. ஆண்டு நுழைவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பல உணவகங்களில் 10 விழுக்காடு தள்ளுபடி உண்டு. கிரெடிட்டில் உண்டால் அந்தத் தள்ளுபடிக்கு வேலையே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் திட்டம் உங்களுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்து வாங்கிவிட்டீர்கள் என்றால், அதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். ஐந்து இரவு என்பது ஆறு பகல் என்பதால், ஆறு பகலில் எந்த நாள் மேசை உணவு இல்லை என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். வந்து சேரும் நாளின் மாலை அதற்கு ஏற்றது, ஏனெனில் விமானம் தாமதமானால் மேசையும் போய்விடும். மலிவான வேளைக்குக் காசையும், விலை உயர்ந்த வேளைக்குக் கிரெடிட்டையும் செலவிடுங்கள். தண்ணீர்ப் போத்தலுக்குச் சிற்றுண்டிக் கிரெடிட்டைத் தராதீர்கள். எப்காட்டின் உணவுத் திருவிழாக் காலங்களில், கடைப் பலகைகளில் திட்டத்தின் குறியீடு உள்ள பண்டங்களுக்குச் சிற்றுண்டிக் கிரெடிட்டைத் தரலாம்; ஒரு சிற்றுண்டிக் கிரெடிட்டின் மிகச் சிறந்த பயன்பாடு அதுவே என்பது என் எண்ணம். ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் மொபைல் செயலியில் மீதியைப் பாருங்கள். கடைசி நாள் மாலையில் எட்டுச் சிற்றுண்டிகள் மிச்சம் என்று அப்போதுதான் அறிந்து, விடுதிக் கடையில் உறையிட்ட இனிப்புகளை அள்ளிப் பெட்டியில் அடைக்கும் குடும்பங்களை ஒவ்வொரு விடுதியிலும் காணலாம். மூன்றாம் நாள் இரவே எண்ணிக்கையைப் பார்த்திருந்தால், அந்த எட்டும் வெயில் நேரத்தில் குழந்தைகளின் கையில் ஐஸ்கிரீமாக இருந்திருக்கும்.